பைக்குள் இருக்கும் கணிப்பொறி: பூட்டு எங்கே இருக்கிறது?

காஞ்சிபுரத்தின் தென்புறத்தில் இருக்கும் எங்கள் ஓரிக்கைக்கு அப்பெயர் வந்த கதையை ஊரார் சுவையாகச் சொல்வார்கள். மன்னனின் கோபத்துக்கு ஆளான கணிகண்ணன் காஞ்சியை விட்டுக் கிளம்பினானாம். அவனோடு திருமழிசையாழ்வாரும் கிளம்ப, ஆழ்வார் சொல்லைத் தட்டாத திருவெஃகாப் பெருமாளும் தம் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அதுவே மருவி ஓரிக்கை ஆயிற்று என்பர்.

கதையை ஒருபுறம் வைத்துவிட்டு, அதிலுள்ள ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். படுக்கையைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோய், போன இடத்தில் விரித்துக்கொள்ளலாம். கணிப்பொறியையும் இப்படிச் செய்யலாம் என்று சில நிறுவனங்கள் பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியை ஒரு திரையோடும், விசைப்பலகையோடும், மவுஸோடும் இணைத்துவிட்டால் அதுவே மேசைக் கணிப்பொறி ஆகிவிடும். வேலை முடிந்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். இரண்டாவதாக ஒரு பொறி வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம்.

இது உண்மையா? உண்மையானால், கல்லூரி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கும் இந்நாளில், கணிப்பொறி இல்லாத வீடே இருக்கக்கூடாது அல்லவா? ஆனால் எங்கள் பகுதி நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆய்வக அறிக்கையை இன்றும் உள்ளங்கை அளவுத் திரையில் கட்டை விரலால்தான் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அட்டவணையையும் அதற்குரிய வரைபடத்தையும் அவர்களால் ஒருசேரப் பார்க்க முடிவதில்லை. சொல்லுக்கும் நடப்புக்கும் இடையே இவ்வளவு தூரம் ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறி தரும் பாடம்

எங்கள் ஊர்த் தறியிலிருந்தே தொடங்கலாம். புடவையின் கரையில் மயிலும் அன்னமும் வர வேண்டுமானால், ஊடை ஓடும் ஒவ்வொரு முறையும் பாவில் எந்த இழை மேலெழ வேண்டும், எது தாழ வேண்டும் என்பதைத் தறிக்குச் சொல்ல வேண்டும். பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கட்டளைகளைத் துளையிட்ட அட்டைகளில் எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். அட்டையை மாற்றினால் அதே தறியில் வேறு பூ விழும். இதைக் கண்ட ஆங்கிலேயர் சார்லஸ் பாபேஜ், தாம் 1830களில் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் துளை அட்டைகளையே தேர்ந்தார். கணிப்பொறியின் முன்னோர்களில் தறியும் ஒன்று என்று சொல்வது இதனால்தான்.

காஞ்சியில் ஜக்கார்டு பெட்டி வந்தபோது தறியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. இருந்த தறியின் மேலேயே பெட்டியை ஏற்றினார்கள். உடல் பழையது, மூளை புதியது. இரண்டையும் இணைப்பதற்கு வேண்டிய கயிறுகள் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

கைப்பேசியைக் கணிப்பொறியாக்கும் திட்டமும் அடிப்படையில் இதுவே. மூளை கைப்பேசியில் இருக்கிறது. உடல், அதாவது திரையும் விசைப்பலகையும், மேசையில் இருக்கிறது. இனிப் பார்க்க வேண்டியது கயிற்றை.

மூளைக்குக் குறைவில்லை

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்வோம். கைப்பேசியின் மூளை கணிப்பொறி வேலைக்குப் போதுமா? தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றின் நினைவகம் 2 கிகாபைட். அவற்றைக் கொண்டு எத்தனையோ மாணவர்கள் கட்டுரை எழுதினார்கள், நிரல் கற்றார்கள், பொறியியல் பட்டம் பெற்றார்கள். இன்று மலிவான கைப்பேசியிலேயே 4 கிகாபைட் நினைவகம் இருப்பது சாதாரணம். செயலியின் வேகமும் அன்றைய மடிக்கணினிக்குப் பெரிதும் பின்தங்கியதன்று.

மற்றொரு சான்றும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2020இல் தன் கணிப்பொறிகளுக்கென்று வெளியிட்ட எம்1 என்னும் சில்லு, அந்நிறுவனத்தின் கைப்பேசிச் சில்லுகள் வளர்ந்த அதே வழியில் வந்தது. கைப்பேசிக்கு ஒரு வகை மூளை, கணிப்பொறிக்கு வேறு வகை மூளை என்ற பிரிவு தேய்ந்துவிட்டது. ஆகவே, பூட்டு மூளையில் இல்லை.

பதினைந்து ஆண்டுகளின் கணக்கு

இதுவரை நடந்த முயற்சிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மோட்டரோலா நிறுவனம் 'ஏட்ரிக்ஸ்' என்ற கைப்பேசியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. அதைச் செருகிக்கொள்ள மடிக்கணினி வடிவில் ஒரு கூடு உண்டு. அதில் திரையும் விசைகளும் மின்கலமும் இருந்தன. மூளை மட்டும் இல்லை. தனியே வாங்கினால் அந்தக் கூட்டின் விலை 500 டாலர். மூளையில்லாத உடலுக்கு, மூளையோடு கூடிய சிறு மடிக்கணினியின் விலை! மக்கள் வாங்கவில்லை. 2012இல் மோட்டரோலா அம்முயற்சியைக் கைவிட்டது.

2013இல் கனோனிக்கல் நிறுவனம் 'உபுண்டு எட்ஜ்' என்ற கைப்பேசியைச் செய்வதற்குப் பொதுமக்களிடம் 3.2 கோடி டாலர் திரட்ட முயன்றது. ஏறத்தாழ 1.28 கோடி டாலர் வரை வாக்களிக்கப்பட்டும் இலக்கு எட்டவில்லை, கைப்பேசி பிறக்கவேயில்லை. 2015இல் மைக்ரோசாஃப்ட் தன் 'லூமியா 950' கைப்பேசிக்கு இவ்வசதியை அளித்தது. ஆனால் வழக்கமான விண்டோஸ் கணிப்பொறியில் ஓடும் மென்பொருள்கள் அதில் ஓடவில்லை. அக்கைப்பேசிகளின் இயக்க மென்பொருளுக்கு அந்நிறுவனம் தந்துவந்த ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது.

ஓரளவு நிலைத்தது சாம்சங் நிறுவனத்தின் 'டெக்ஸ்' ஒன்றுதான். 2017இல் கேலக்ஸி எஸ்8 கைப்பேசியோடு அது வந்தது. பெரிய திரையில் பல சாளரங்களைத் திறக்கலாம்; மவுஸால் இழுத்து நகர்த்தலாம். பிறகு 2021இல் மோட்டரோலா 'ரெடி ஃபார்' என்ற பெயரில் மீண்டும் களத்துக்கு வந்தது. 2025இல் கூகுள் நிறுவனம், சாம்சங்குடன் சேர்ந்து, ஆண்ட்ராய்டு மென்பொருளிலேயே மேசைத் திரை வசதியை வளர்த்து வருவதாக அறிவித்தது.

இந்த வரிசையில் ஒரு பொதுத்தன்மையைக் கவனித்தீர்களா? இவ்வசதி ஏறக்குறைய எப்போதும் நிறுவனத்தின் விலை உயர்ந்த கைப்பேசிகளிலேயே வந்தது. சாம்சங்கின் விலை குறைந்த வரிசைகளில் டெக்ஸ் பெரும்பாலும் கிடையாது. விலை உயர்ந்த கைப்பேசியை வாங்கக்கூடியவர் வீட்டில் பெரும்பாலும் மடிக்கணினியும் இருக்கும். ஆக, தேவையில்லாதவருக்கு உபரியாகவும், தேவைப்படுபவருக்கு எட்டாக் கனியாகவும் ஒரு நல்ல கருத்து விற்கப்பட்டிருக்கிறது. அது வெற்றி பெறவில்லை என்று சொல்வோர், அது யாரிடம் விற்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரே வாய், வேறு வேறு நரம்பு

இப்போது கயிற்றுக்கு வருவோம். இன்றைய கைப்பேசிகளின் அடியில் நீள்வட்டமாக ஒரு செருகுவாய் இருக்கிறதல்லவா? இதன் பெயர் யு.எஸ்.பி. சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கு இது கட்டாயமாயிற்று. இந்தியத் தர நிறுவனமும் 2023 ஜனவரியில் இதற்கான தர விதியை வெளியிட்டது. எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே வாய் என்பது நல்ல சீர்திருத்தமே. ஆயினும் வாய் ஒன்றானதால் உள்ளே ஓடும் நரம்பும் ஒன்றாகிவிடவில்லை.

அந்தச் சிறு வாய்க்குள் மேலே 12, கீழே 12 என 24 தொடுமுனைகளுக்கு இடம் உண்டு. சில மின்னோட்டத்துக்கு, சில, எந்தப் பக்கம் செருகப்பட்டது என்று அறிவதற்கு, நான்கு, பழைய யு.எஸ்.பி. 2 முறையில் செய்தி அனுப்புவதற்கு. எட்டு, மிகு வேகச் செய்திக்கு. திரைக்குரிய படம் இந்த எட்டின் வழியாகவே செல்லும். மலிவான கைப்பேசிகளில் பெரும்பாலும் இந்த எட்டுக்கும் பின்னால் ஒன்றும் இணைக்கப்படுவதில்லை. வாசல் இருக்கிறது, வாசலுக்குப் பின் தெரு இல்லை.

பழைய வழியிலேயே படத்தை அனுப்பினால் என்ன? கணக்கிட்டுப் பாருங்கள். சாதாரண முழு எச்.டி. திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட்டுகள். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 5 கோடி பிட்டுகள் ஆகின்றன. வினாடிக்கு 60 படங்கள் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள். பழைய யு.எஸ்.பி. 2 வழியின் உச்ச வேகம் வினாடிக்கு 48 கோடி பிட்டுகள்தாம். ஆறு வண்டிச் சரக்கை ஒரு வண்டியில் ஏற்றச் சொல்வது போல.

'படத்தைச் சுருக்கி அனுப்பலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். அனுப்பலாம். கைப்பேசித் திரையை வயரில்லாமல் தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, அது இவ்வாறு சுருக்கி அனுப்புவதுதான். திரைப்படம் பார்க்க அது போதும். ஆனால் சுருக்கவும் விரிக்கவும் நேரம் பிடிக்கும். நீங்கள் அடித்த எழுத்து சற்றுப் பொறுத்தே திரையில் தோன்றும். பத்து வரி அடித்துப் பார்த்தால் எரிச்சல் வந்துவிடும். மேலும், இடைவிடாமல் சுருக்கும் வேலையே கைப்பேசியைச் சூடாக்கும். வெப்பத்தைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படத்தை வெளியே அனுப்பும் பகுதி மலிவு விலைச் சில்லுகள் பலவற்றில் இல்லை. அதைச் சேர்க்கச் செலவு ஆகும். ஆனால் அதே மலிவுக் கைப்பேசிகளின் முதுகில் ஒன்றுக்கு மூன்றாகக் கேமராக் கண்கள் வரிசையாக இருப்பதைப் பாருங்கள். அவற்றுள் ஒன்று 2 மெகாபிக்சல் அளவே உடையதாய், எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்பட்டதாய் இருப்பதும் உண்டு. அதற்குச் செலவு செய்யலாம். படம் வெளியேறும் வழிக்குச் செய்ய முடியாது என்பது இயற்பியல் விதி அன்று. வாங்குபவர் எதைக் கேட்பார் என்று விற்பவர் போட்ட கணக்கு.

இரண்டாவது பூட்டு

தெரு போட்டுவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் ஃபாக்ஸ்கான் ஆலை ஐஃபோன்களைப் பொருத்துகிறது. 2023இல் வெளிவந்த ஐஃபோன் 15 முதல் அவற்றிலும் யு.எஸ்.பி. சி வாய்தான், படம் வெளியேறும் வழியும் அதில் உண்டு. ஒரு வயரால் திரையோடு இணைத்தால் 4கே அளவிலான படம்கூடப் போகும். ஆனால் திரையில் என்ன தெரியும்? கைப்பேசியில் தெரிவதே பெரும்பாலும் அப்படியே பெரிதாகத் தெரியும். அகன்ற திரையின் நடுவில் ஒரு நெட்டைப் படம். இரு புறமும் கறுப்பு. பல சாளரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பணிபுரியும் மேசை அதில் இல்லை. மூளையும் வலியது, தெருவும் அகலம். வண்டியை ஓட்ட மென்பொருள் அனுமதி இல்லை.

இன்னொரு சான்று இதைவிடத் தெளிவானது. கூகுளின் பிக்சல் 8 கைப்பேசி 2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. அதை வயரால் திரையோடு இணைத்தபோது படம் வரவில்லை. 2024 ஜூனில் நிறுவனம் ஒரு மென்பொருள் மாற்றத்தை அனுப்பியது. அதே கைப்பேசி, அதே வாய், அதே வயர். இப்போது படம் வந்தது! கைப்பேசிக்குள் ஒரு திருகாணியும் மாறவில்லை. வழி முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது. எட்டு மாதம் அது மூடிக் கிடந்தது. நாம் தேடிய பூட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் வேண்டுமா?

மென்பொருள் பூட்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. கைப்பேசிச் செயலிகள் பல, விரலால் தொடுவதற்கென்றே எழுதப்பட்டவை. பெரிய திரையில் அவை கோமாளிச் சட்டைபோலத் தொளதொளவென்று கிடக்கும். மாணவருக்கு வேண்டிய நிரலாக்கக் கருவிகளை ஓட்ட, சாம்சங் 2018இல் டெக்ஸ் திரையில் லினக்ஸ் இயங்கும் ஒரு சோதனை வசதியைத் தந்தது. மறு ஆண்டே நிறுத்திவிட்டது. 2025 மார்ச்சில் கூகுள் தன் பிக்சல் கைப்பேசிகளில் லினக்ஸ் முனையம் ஒன்றைச் சேர்த்தது. இது நிலைக்குமானால் மாணவருக்குப் பெரிய கதவு திறந்ததாகும்.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை முறை அரசால் ஏற்கப்பட்டது. கைப்பேசியின் கண்ணாடியைத் தொட்டுத் தமிழ் எழுத வசதி இருப்பதாலேயே, வெளியே மாட்டிய விசைப்பலகையிலும் அதே முறை வேலை செய்யும் என்று எண்ணிவிடக்கூடாது. இரண்டும் மென்பொருளில் வெவ்வேறு வழிகள். நிறுவனங்களின் விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் காண்பதற்கில்லை. அவர்கள் மேசையில் ஆங்கிலம் மட்டுமே விரிந்து கிடக்கிறது.

சித்திரை வெயிலும் கைப்பேசியும்

இனி இயற்பியல் உண்மையிலேயே குறுக்கே நிற்கும் இடத்துக்கு வருவோம். கைப்பேசிக்கு விசிறி இல்லை. உள்ளே பிறக்கும் வெப்பம் அதன் மேற்பரப்பு வழியாகவே வெளியேற வேண்டும். 16 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலமுள்ள கைப்பேசியின் இரு முகங்களின் பரப்பு 240 சதுர செ.மீ., அதாவது 0.024 சதுர மீட்டர். அசையாத காற்றில், வெப்பக் கதிர்வீச்சையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 10 வாட் வெளியேறும் என்று தோராயமாகக் கொள்ளலாம். கைப்பேசியின் மேற்புறம் 45 பாகை வரை சூடாகலாம் என்று வைத்துக்கொள்வோம்.

குளிரூட்டிய அறையில் வெப்பநிலை 25 பாகை. வேறுபாடு 20. வெளியேறும் வெப்பம் 0.024 × 10 × 20 = 4.8 வாட். இப்போது அக்கினி நட்சத்திர நாளில் ஓட்டு வீட்டுக்குள் வாருங்கள். அறையே 38 பாகை. வேறுபாடு 7. வெளியேறும் வெப்பம் 1.7 வாட் மட்டுமே. அதே கைப்பேசி, அதே சில்லு; ஆனால் எங்கள் வீட்டில் அது தொடர்ந்து செலவிடக்கூடிய ஆற்றல் குளிரூட்டிய அறையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு! அதற்கு மேல் சூடேறினால் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்ந்த அறையில் சோதித்து எழுதப்படும் பாராட்டுரைகள் காஞ்சிபுரத்துச் சித்திரைக்குப் பொருந்தா.

இதற்கு மருந்து எளிது. 2017இல் சாம்சங் விற்ற டெக்ஸ் இணைப்புப் பெட்டிக்குள் ஒரு சிறு விசிறி இருந்தது. காற்று ஓடினால் வெளியேறும் வெப்பம் பன்மடங்காகும். மேசை விசிறியின் காற்று படும்படி கைப்பேசியை நிமிர்த்தி வைத்தாலே பெரும் பயன் உண்டு. துணியின் மீதோ, புத்தகத்தின் மீதோ படுக்க வைக்கக்கூடாது. சூடான நிலையில் நெடுநேரம் மின்னேற்றினால் லித்தியம் மின்கலத்தின் ஆயுள் குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

திரை எது?

'எங்கள் வீட்டில் 32 அங்குலத் தொலைக்காட்சி இருக்கிறதே' என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. எச்.டி.எம்.ஐ. வாய் உள்ள எந்தத் தொலைக்காட்சியும் திரையாகும். ஆனால் மலிவான 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் அகலவாக்கில் 1366 புள்ளிகளே உண்டு. ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். மனிதக் கண் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். இதைக் கொண்டு கணக்கிட்டால், புள்ளிகள் உறுத்தாமல் இருக்க ஏறத்தாழ 1.8 மீட்டர், அதாவது ஆறடி தள்ளி உட்கார வேண்டும். மேசையில் இரண்டடி தூரத்தில் வைத்துப் படித்தால் எழுத்துகள் பிசிறடிக்கும். ணகரச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதற்கு மாறாக, 22 அங்குல முழு எச்.டி. மானிட்டரில் புள்ளியின் அகலம் கால் மில்லிமீட்டர்தான். பழைய மானிட்டர் ஒன்றை வாங்கினாலும் படிப்பதற்கு அதுவே மேல்.

ஒரு வீடு, ஒரு கைப்பேசி

மேற்கண்ட பூட்டுகள் எல்லாம் திறந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. அது இயற்பியலும் அன்று, வணிகமும் அன்று, வீட்டுக் கேள்வி.

தறி வீடுகள் பலவற்றில் நல்ல கைப்பேசி ஒன்றே. அப்பாவுக்குப் பட்டு முதலாளியிடமிருந்து அழைப்பு வரும். அம்மாவுக்குக் குழுக் கடன் பற்றிய செய்தி வரும். மகள் அதைத் திரையோடு இணைத்துத் திட்டக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில், 'கடைக்குப் போய்வருகிறேன்' என்று அப்பா கைப்பேசியைக் கழற்றிக்கொண்டு போனால் மேசை வெறும் பலகையாகிவிடும். கணிப்பொறி கையோடு வரும் என்பதுதானே இத்திட்டத்தின் பெருமை? அதே பெருமை, கணிப்பொறி கையோடு போய்விடும் என்ற குறையும் ஆகிறது. 'ஒருவருக்கு ஒரு கைப்பேசி' என்ற கணக்கில் பிறந்த கருத்து, 'ஒரு வீட்டுக்கு ஒன்று' என்ற இடத்தில் தடுமாறுகிறது.

ஆகவே, கைப்பேசி இருக்கிறதே, மாணவருக்கு மடிக்கணினி எதற்கு என்று யாரேனும் வாதிட்டால் அதை ஏற்க முடியாது. 2011 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 2025 மார்ச் மாதத்து நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தது. 'இது உனக்கே உரியது' என்று சொல்லக்கூடிய ஒரு பொறி மாணவர் கையில் இருப்பதன் மதிப்பே வேறு.

அப்படியானால் கைப்பேசியை இணைப்பதால் யாருக்கு என்ன பயன்? பயன் உண்டு, அது விளம்பரம் காட்டும் இடத்தில் இல்லை. வீட்டில் பயனற்றதாகக் கிடக்கும் பழைய கைப்பேசியை எண்ணிப் பாருங்கள். கண்ணாடி கீறியிருக்கும், மின்கலம் தளர்ந்திருக்கும், சில்லு மட்டும் நன்றாகவே இருக்கும். படம் வெளியேறும் வழி அதற்கு இருக்குமானால், ஒரு பழைய மானிட்டரோடு அதை நிலையாகப் பொருத்தி வைத்துவிடலாம். யாரும் கழற்றிப் போக மாட்டார்கள். குப்பைக்குப் போக வேண்டிய பொருள் மேலும் நான்கு ஆண்டு உழைக்கும். மேசையில் நிற்கும் நூலகப் பொறியாக, தங்கையின் தட்டச்சுப் பலகையாக அது இருக்கும். இவ்வசதி மலிவுக் கைப்பேசிகளிலும் வர வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணம் இதுதான். இன்று விற்கும் கைப்பேசியே நான்கு ஆண்டுக்குப் பின் பழைய கைப்பேசி ஆகப்போகிறது.

நாம் செய்யக்கூடியது

வாசகர்களே, முடிவாக என் கருத்து இது. கைப்பேசியைக் கணிப்பொறியாக்கும் எண்ணம் நல்லது. மூளை அதற்குப் போதும். வெப்பம் ஓர் உண்மையான தடை. ஆனால் ஒரு விசிறியால் தீரும் தடை. மற்ற இரண்டு பூட்டுகளும், உள்ளே போடாத நரம்பும், திறக்காத மென்பொருளும், மனிதர் தேர்ந்தெடுத்து வைத்தவை. மனிதர் வைத்த பூட்டை மனிதர் திறக்கலாம்.

புதிய கைப்பேசி வாங்கச் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் யு.எஸ்.பி. வாய் வழியாகப் படம் வெளியே வருமா? வந்தால், கைப்பேசித் திரையின் நகல் மட்டும் தெரியுமா, சாளரங்களோடு மேசைத் திரை தெரியுமா? வெளியே மாட்டும் விசைப்பலகையில் தமிழ் அடிக்க முடியுமா? வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். கடையில் உள்ள தொலைக்காட்சியில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். வயரையும் பார்த்து வாங்குங்கள். மின்னேற்றுவதற்கு மட்டும் பயன்படும் வயர்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவற்றில் படம் போகாது.

தர விதி வகுப்போரிடமும் ஒரு வேண்டுகோள். வாயின் வடிவத்தை ஒன்றாக்கியது போல, அந்த வாய் என்னென்ன செய்யும் என்பதைப் பெட்டியின் மீது எளிய குறியால் அச்சிட வேண்டும் என்றும் விதிக்கலாம். உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருப்பது போல, 'படம் வெளியேறும்' என்பதற்கு ஒரு குறி. அதனால் எந்த நிறுவனமும் நொடிந்துவிடாது. வாங்குபவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் கேட்பார், பலர் கேட்டால் ஆலைகள் செய்யும்.

கடைக்காரர் கேமராவின் பெருமையை விரித்துரைத்து முடிக்கும் வரை பொறுத்திருங்கள். பிறகு, 'படம் வெளியே வருமா?' என்று கேளுங்கள். முதல் நாள் அவர் விழிப்பார். பத்தாவது ஆள் கேட்கும்போது விடையைத் தெரிந்து வைத்திருப்பார்.